சுவருக்கு வாடகையா, கட்டத்துக்கு விலையா?

சின்ன வயதில் உடைந்த முகக்கண்ணாடிச் சில்லு ஒன்று கிடைத்தால் போதும். வெயிலில் நின்று அதை இப்படியும் அப்படியும் சாய்த்து, எதிர்வீட்டுத் திண்ணையில் கண்ணயர்ந்திருக்கும் தாத்தாவின் முகத்தில் வெளிச்சம் அடிப்போம். திட்டு நிச்சயம். அந்தச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. வெளிச்சத்தை அது உண்டாக்கவும் இல்லை. சும்மா போய்க்கொண்டிருந்த வெயிலை வேண்டிய பக்கம் திருப்பிவிட்டது, அவ்வளவுதான்.

வெயிலுக்குப் பதில் செல்போன் சிக்னல், சில்லுக்குப் பதில் சுவரில் மாட்டிய பலகை என்று வைத்துக்கொண்டால் அதுதான் ஸ்மார்ட் பரப்பு. பலகை முழுக்கச் சின்னச் சின்ன உலோகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டையோடு போன்ற மலிவான பாகம். அதற்குத் தரும் மின்னழுத்தத்தை மாற்றினால், அந்தக் கட்டத்தில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் முந்தியோ பிந்தியோ கிளம்பும். எல்லாக் கட்டங்களையும் கணக்காக முந்த வைத்து, பிந்த வைத்தால் திரும்பும் அலைகள் ஒரே திசையில் சேர்ந்து குவியும். சில்லைக் கையால் சாய்த்தோம். இங்கே பலகை அசையாது, கட்டளை மட்டும் மாறும்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2018-ல் டோக்கியோவில் என்டிடி டோக்கோமோ நிறுவனம் 28 கிகாஹெர்ட்ஸ் 5ஜி சிக்னலை மெட்டாவேவ் நிறுவனத்தின் பிரதிபலிப்பான் ஒன்றைக் கொண்டு திருப்பிப் பார்த்தது. பிரதிபலிப்பான் இல்லாதபோது நொடிக்கு 60 மெகாபிட் வேகம், இருந்தபோது 560. அமெரிக்காவின் எம்ஐடியில் வெங்கட் அருணும் ஹரி பாலகிருஷ்ணனும் 2020-ல் காட்டிய ஆர்ஃபோகஸ் என்ற பலகையில் 3,720 ஆண்டெனாக்கள், பரப்பு 6 சதுர மீட்டர். ஒரு ஆண்டெனாவின் விலை சில சென்ட்தான். சிக்னல் வலு ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது.

ஆக, பொறியியல் பக்கம் பெரிய சந்தேகம் இல்லை. பலகை ஏன் இன்னும் தெருவுக்குத் தெரு வரவில்லை என்று கேட்டால் என் பதில் பணத்தில் இருக்கிறது. பலகையைச் செய்து மாட்டிப் பராமரிப்பவர் ஒருவர். சிக்னலும் ஸ்பெக்ட்ரமும் வைத்திருக்கும் செல்போன் நிறுவனம் இன்னொருவர். சுவர் மூன்றாமவருடையது. வேகம் கிடைப்பது இந்த மூவருக்கும் அல்ல, தெருவில் போகிற நாலாமவருக்கு. யார் யாருக்கு, எதைக் கணக்கிட்டு, எவ்வளவு தருவது?

கட்டத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தால்

முதலில் மனதில் வரும் விலை இதுதான். ஓட்டுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று விற்கிற ஊரில், கட்டத்துக்கு மாதம் இத்தனை பைசா என்று வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் இந்தப் பொருளின் இயல்பே அந்த விலைக்கு ஒத்துவராது.

காரணம் இரண்டு. கட்டங்களை இரட்டித்தால் பலகை பிடிக்கும் அலை இரட்டிக்கிறது. கூடவே, ஒரே இடத்தில் குவிக்கும் கூர்மையும் இரட்டிக்கிறது. இரண்டும் பெருகி, போய்ச் சேரும் சிக்னல் நாலு மடங்காகிறது. இது முதல் காரணம். இரண்டாவது, சிக்னல் நாலு மடங்கானால் டவுன்லோடு வேகம் நாலு மடங்காகாது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-ல் எழுதிவைத்த கணக்கு அது. இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் சிக்னலைத் தூக்கிவிட்டால் வேகம் தாவும். ஏற்கெனவே வலுவாக இருப்பதை மேலும் தூக்கினால், ஒவ்வொரு நாலு மடங்குக்கும் ஒரே அளவுதான் கூடும்.

எண் போட்டால் விளங்கும். நேரடி சிக்னலே வராத ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ் அகல ஸ்பெக்ட்ரம். 100 கட்டம் இருந்தால் சிக்னலும் இரைச்சலும் சமமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கும். கணக்குக்காகச் சின்ன எண்.) ஷானன் சூத்திரத்தில் போட்டால் வருவது:

50 கட்டம்: 32 மெகாபிட்
100 கட்டம்: 100 மெகாபிட்
200 கட்டம்: 232 மெகாபிட்
400 கட்டம்: 409 மெகாபிட்
800 கட்டம்: 602 மெகாபிட்

முதல் ஐம்பது கட்டத்துக்கு 32 மெகாபிட். அடுத்த ஐம்பதுக்கு 68. ஆனால் கடைசி நானூறு கட்டம் சேர்த்தும் 193-தான். ஆரம்பத்தில் சோம்பல், நடுவில் பாய்ச்சல், அப்புறம் களைப்பு. கட்டத்துக்குச் சராசரியாக எத்தனை மெகாபிட் என்று பார்த்தால், 200 கட்டத்தை ஒட்டி அது உச்சம் தொடுகிறது, அதாவது கட்டத்துக்கு 1.16. அதற்கு முன்னும் பின்னும் குறைவு.

இப்போது செல்போன் நிறுவனம் அந்த மூலையில் கிடைக்கும் ஒவ்வொரு மெகாபிட்டையும் மாதம் ஒரு ரூபாய் பெறும் என்று மதிக்கிறது எனலாம். கட்டத்தின் மாத விலை 1 ரூபாய் 16 பைசாவாக இருந்தால் அது 198 கட்டம் வாங்கும். 230 ரூபாய் பெறுமான வேகத்துக்கு 230 ரூபாய் செலவு, வரவும் செலவும் சரி. விலையை ஒரு பைசா ஏற்றி 1.17 ஆக்குங்கள். எத்தனை வாங்கும்? 190? 180? ஒன்றுகூட வாங்காது. எத்தனை கட்டம் வாங்கினாலும் நஷ்டம் என்பதால் பேரத்தையே விட்டுவிடும்.

தக்காளி விலை ஏறினால் அரைக்கிலோ குறைத்து வாங்குவோம், அடியோடு விடமாட்டோம். இங்கே சரிவு கிடையாது, செங்குத்தாக ஒரு பள்ளம். சோதனை ஓட்டம் நன்றாகப் போயும் வியாபாரமாகத் திரளாத தொழில்நுட்பங்களில் இப்படி ஒரு பள்ளம் எங்கோ ஒளிந்திருக்கும் என்பது என் அனுமானம்.

பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் வியாபாரி

பலகைக்காரருக்கு ஒரு கட்டத்தின் மாத அடக்கம் (தயாரிப்பு, மாட்டும் கூலி, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து) 40 பைசா என்று வைப்போம். அவர் விலையை அறிவிப்பார், நிறுவனம் அதைப் பார்த்து எத்தனை வேண்டும் என்று சொல்லும். முன்னால் நகர்பவர் ஒருவர், பார்த்துப் பின்னால் நகர்பவர் இன்னொருவர். ஜெர்மன் பொருளியலாளர் ஸ்டாக்கெல்பெர்க் 1934-ல் ஆராய்ந்த ஆட்டம் இது. ஸ்மார்ட் பரப்பின் விலை பற்றிய ஆய்வுக்கட்டுரைகளில் இந்தப் பெயர் அடிக்கடி வரும், மிரளத் தேவையில்லை.

பலகைக்காரர் கெட்டிக்காரர் என்றால் விலையை ஏறத்தாழ 1 ரூபாய் 10 பைசாவில் வைப்பார். 216 கட்டம் போகும். அவருக்கு லாபம் 151 ரூபாய். நிறுவனத்துக்கு மிஞ்சுவது 12 ரூபாய் சொச்சம். விளிம்புக்கு ஆறு பைசா தூரத்தில் நிற்கிறார்கள். டீசல் விலையோ டாலரோ கொஞ்சம் அசைந்தால் பேரம் பள்ளத்தில்.

அதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. கட்டத்தை அடக்க விலையான 40 பைசாவுக்கே கொடுத்திருந்தால் நிறுவனம் 707 கட்டம் மாட்டியிருக்கும். வேகம் 567 மெகாபிட். செலவு 283 ரூபாய் போக மிச்சம் 284. முந்தைய பேரத்தில் இருவருக்கும் சேர்த்தே 164-தான். நடுவில் 120 ரூபாய் யார் பைக்கும் போகாமல் காற்றில் போயிற்று. அந்த மூலையில் நிற்பவருக்கு 567-க்குப் பதில் 250 மெகாபிட்.

அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு பலகைக்காரர் எப்படிப் பிழைப்பார்? இங்கேதான் விலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டத்துக்கு 40 பைசா, அதில் லாபம் இல்லை. அது போக, கட்டம் எத்தனையானாலும் மாறாத நிலைக்கட்டணம் மாதம் 220 ரூபாய். இப்போது பலகைக்காரருக்கு 151-க்குப் பதில் 220. நிறுவனத்துக்கு 12-க்குப் பதில் 64. கடைக்கு வரும் கரண்ட் பில்லில் நிலைக்கட்டணம் தனி, யூனிட் கட்டணம் தனி என்று பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடு.

இந்தியாவில் டவர் தொழில் ஏற்கெனவே இப்படித்தான் ஓடுகிறது. இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் டவருக்கு மாத வாடகை வாங்குகின்றன. மின்சாரம், டீசல் செலவைத் தனியாகக் கணக்கிட்டு வசூலிக்கின்றன. ஸ்மார்ட் பரப்புக்குப் புதிதாகச் சித்தாந்தம் தேட வேண்டியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

நிலைக்கட்டணத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஆள் வராத மாதமும் 220 கட்ட வேண்டும். அதனால் புது இடத்தில் முதல் ஆறு மாதம் குறைவாக வைத்து, நடமாட்டம் பார்த்து ஏற்றுவதுதான் நடக்கக்கூடியது.

நடுவில் மாட்டாதீர்கள்

சுவர்க்காரரிடம் வருவோம். புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள், நானும் செய்தேன். டவருக்கும் போனுக்கும் சரிபாதியில் பலகையை வைப்பதுதானே நல்லது? அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம்.

டவரிலிருந்து பலகை வரை ஒரு தேய்மானம், பலகையிலிருந்து போன் வரை இன்னொரு தேய்மானம். இரண்டும் கூடுவதில்லை, பெருகுகின்றன. மொத்தம் 100 மீட்டர் என்றால் நடுவில் 50-ஐ 50-ஆல் பெருக்க 2,500. போனிலிருந்து 10 மீட்டரில் வைத்தால் 90-ஐ 10-ஆல் பெருக்க 900. அதே சிக்னலை நடுச்சுவரிலிருந்து தர ஏறத்தாழ 2.8 மடங்கு கட்டம் வேண்டும்.

ஆகவே எல்லாச் சுவரும் ஒன்றல்ல. மூலைக்கு எதிரே இருக்கும் சுவர், முச்சந்தியில் இருக்கும் கடை மாதிரி. அதன் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிக் கேட்பார். எவ்வளவு வரை? வேறு சுவரில் 2.8 மடங்கு பலகை மாட்டினால் ஆகும் கூடுதல் செலவு எவ்வளவோ, அவ்வளவு வரை. அதற்கு மேல் கேட்டால் நிறுவனம் எதிர்ச்சாரிக்குப் போய்விடும். வளமான வயலின் குத்தகை, அதற்கும் வளம் குறைந்த வயலுக்கும் உள்ள வித்தியாசத்தால்தான் தீர்மானமாகிறது என்று ஆங்கிலப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-ல் சொன்னதேதான், வயலுக்குப் பதில் சுவர்.

இன்னொரு உச்சவரம்பும் உண்டு. பலகைக்குப் பதில் சிறு செல் (குட்டி டவர்) ஒன்றையோ, சிக்னலை வாங்கி வலுவாக்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரையோ வைத்துவிடலாம். ரிலே என்ற அந்த வகைக் கருவியை மிஞ்ச பலகையில் நூற்றுக்கணக்கில் கட்டங்கள் வேண்டும் என்று கம்பியில்லாத் தொடர்பு ஆய்வாளர் எமில் பியோர்ன்சன் குழுவினர் 2020-ல் காட்டினார்கள். எனவே சின்னப் பலகைக்கு அதிக வாடகை கேட்பது பேராசை.

வாடகை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலைவரிசையைப் பொறுத்தது. கட்டத்தின் அளவு பொதுவாக அலைநீளத்தில் பாதி. 26 கிகாஹெர்ட்ஸில் அது ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்தாயிரம் கட்டம் வைத்தாலும் பலகை இரண்டடிக்கு இரண்டடிதான், தெருவிளக்குக் கம்பத்திலேயே தொங்கவிடலாம். 3.5 கிகாஹெர்ட்ஸில் அதே பத்தாயிரத்துக்கு 14 அடிக்கு 14 அடி வேண்டும். முழுச் சுவர், விளம்பரத் தட்டி அளவு. முதல் வகையில் சுவர்க்காரரின் பேரம் பேசும் வலிமை சுருங்கிவிடும். 2022 ஆகஸ்டில் திருத்திய வழியுரிமை விதிகளில் (தொலைத்தொடர்புக் கம்பி, கருவி அமைக்க இடம் தருவது பற்றியவை) இந்திய அரசு தெருவிளக்குக் கம்பம் போன்றவற்றில் சிறு செல் வைக்க நகரத்தில் கம்பத்துக்கு ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று நிர்ணயித்தது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2018-ல் இதே மாதிரி ஆண்டுக்கு 270 டாலர் என்று அளவு வைத்தது. அதே சலுகை பலகைக்கும் கிடைக்குமானால், கம்பம் இருக்கும் தெருவில் தனியார் சுவருக்கு யாரும் ஆயிரக்கணக்கில் தரமாட்டார்கள்.

ஒரு பலகை, மூன்று நிறுவனம்

டவரில் மூன்று நிறுவனங்கள் தங்கள் தங்கள் ஆண்டெனாவை மாட்டிக்கொள்ளும், சண்டை இல்லை. பலகை அப்படியல்ல. அது ஒரு சமயம் ஒரு பக்கம்தான் சாயும். அதுவும் வடிகட்டி இல்லாத பொருள். அந்த அலைவரிசையை ஒட்டி வரும் யாருடைய அலையையும் திருப்பிவிடும். 2022 ஏலத்தில் ஜியோ 26 கிகாஹெர்ட்ஸில் நாடு முழுக்க 1,000 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது, ஏர்டெல் 800. இரண்டும் ஒரே பட்டையில் இருப்பவை. ஒருவர் காசு போட்டு மாட்டிய பலகை இன்னொருவரின் வாடிக்கையாளருக்குச் சில நொடி இலவச லாபம் தரும், சில நொடி இடைஞ்சல் தரும். இருவருமே அடுத்தவர் முதலில் மாட்டட்டும் என்று காத்திருக்க இதுவே போதும்.

சேர்ந்து வாங்கினால் எப்படிப் பங்கிடுவது? ஆளுக்குப் பாதி நேரம் தருவதா, ஆளுக்குப் பாதிக் கட்டம் தருவதா? மேலே உள்ள எண்களையே எடுங்கள். 400 கட்டப் பலகையில் நேரத்தைப் பாதியாக்கினால் ஆளுக்கு 409-ல் பாதி, ஏறத்தாழ 205. கட்டத்தைப் பிரித்தால் ஆளுக்கு 200 கட்டம், 232 மெகாபிட். கட்டத்தைப் பிரிப்பதே மேல். 100 கட்டப் பலகை என்றால் தலைகீழ். நேரத்தைப் பிரித்தால் ஆளுக்கு 50, கட்டத்தைப் பிரித்தால் 32-தான். பெரிய பலகையைக் கூறு போடலாம், சின்னப் பலகைக்கு முறை வைக்க வேண்டும். குத்தகைப் பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

எதற்குக் காசு என்பதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஹீலியம் நல்ல பாடம். வீட்டில் ஒரு சின்ன வயர்லெஸ் பெட்டி வைத்தால் கிரிப்டோ டோக்கன் தருகிறோம் என்று 2019-ல் அமெரிக்காவில் தொடங்கிய வலையமைப்பு அது. 2022-க்குள் பெட்டிகள் பத்து லட்சத்தை நெருங்கின. பெட்டி இருப்பதற்கே டோக்கன் என்பதால் பெட்டிகள் பெருகின. அவற்றின் வழியே போன டேட்டா சொற்பம். இல்லாத இடத்தில் பெட்டி இருப்பதாகப் பொய் இருப்பிடம் காட்டியவர்களும் உண்டு. பலகைக்கும் அப்படி மானியம் கொடுத்தால், சுவர் நிறையப் பலகை தொங்கும், மூலை இருட்டாகவே கிடக்கும்.

அப்படியென்றால் கூடிய வேகத்துக்குத்தானே காசு தர வேண்டும்? சரி, எவ்வளவு கூடியது என்று யார் சொல்வது? அளவுகள் எல்லாம் நிறுவனத்தின் கையில். குறைத்துச் சொன்னால் அவர்களுக்கு லாபம். சுவர்க்காரரால் சரிபார்க்க முடியாது. பலகையிலேயே ஒரு வசதி இருக்கிறது, அதை அணைக்கலாம். நாளில் எதேச்சையாகச் சில நிமிடங்கள் பலகையை அணைத்து, அந்நேரத்து வேகத்தையும் எரியும் நேரத்து வேகத்தையும் மூன்றாமவர் ஒருவர் ஒப்பிட்டால் பலகையின் பங்கு வெளியே வந்துவிடும். எந்த நிமிடம் என்று இரு தரப்புக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. டவரில் இதைச் செய்ய முடியாது, டவரை அணைத்தால் ஊரே கத்தும்.

சட்டம் எங்கே நிற்கிறது

குடியிருப்போரே காசு போட்டு மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் சிக்னல் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யார் வைத்திருந்தாலும், விற்றாலும், பயன்படுத்தினாலும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. அலையைப் பெருக்காமல் திருப்பி மட்டும் விடும் பலகை அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நடைமுறையில், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற கட்டளை நிறுவனத்தின் பக்கமிருந்து வந்தால்தான் பலகைக்கு முழுப் பயன். எனவே நிறுவனத்தை விட்டுவிட்டு இதைச் செய்வது வீண்.

ஆனால் காசு வரும் திசை மாறலாம். 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு நட்சத்திர மதிப்பீடு தருவதற்கான ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. வீடு வாங்க வருகிறவர் தண்ணீர், பார்க்கிங் கேட்பதோடு உள்ளே எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்கத் தொடங்கினால், பலகைக்குக் காசு போட முன்வருகிறவர் பில்டராக இருப்பார். அப்போது சுவர் வாடகை பூஜ்யம். சில இடத்தில் பூஜ்யத்துக்கும் கீழே, சுவர்க்காரரே கையிலிருந்து தருவார்.

எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. பக்கவாட்டுச் சுவரில் இப்படி ஒன்று மாட்டக் கேட்டு வந்தால் மாதம் எவ்வளவு கேட்கலாம் என்று செயலாளர் நோட்டைத் திறந்தார். ஐயாயிரம், எட்டாயிரம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து பி பிளாக் தரைத்தள அம்மா எழுந்தார். "சார், நான் பொண்ணுகிட்ட பேசணும்னா கேட்டுக்கு வெளிய ரோட்டுக்குப் போய் நிக்கிறேன். அவங்க வந்தா காசு கேக்காதீங்க, என் பங்குக்கு நான் மாசம் நூறு ரூபா தரேன்." செயலாளர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.